ரஷ்யாக்காரர் போட்ட கோலத்தை என் மாமியார் அழித்த காலை

ரஷ்யாவிலிருந்து வந்த மூன்று ஆண்களில் எந்த இரண்டு பேரை உலகப் போட்டிக்கு அனுப்புவது என்று முடிவான இடத்தில் நானும் என் மாமியாரும் இருந்தோம். சும்மா இல்லை, கையில் விளக்குமாறோடு இருந்தோம். இதைச் சொன்னால் என் பேரப்பிள்ளைகள், "பாட்டி கதை விடுறாங்க லா" என்று சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள். இவ்வளவு பெரிய பொய் எனக்கு வராது. எதிர்வீட்டுக்காரியின் சங்கிலி கவரிங் என்று சொல்கிற அளவுக்குத்தான் என் பொய்யெல்லாம்.

அறுபதுகளின் நடுவில் நடந்தது. கெர்போ ரோட்டில் ஒரு கடைவீட்டு மாடியில், ஒரே அறையில் மூன்று பேர் இருந்தோம். நான், என் வீட்டுக்காரர், அவருடைய அம்மா. வீட்டுக்காரருக்கு ஐஸ் ஃபேக்டரியில் வேலை. தேக்கா மீன் கடைகளுக்கு லாரியில் ஐஸ் கட்டி கொண்டுவந்து இறக்குவார். அதனால் வீட்டில் எப்போதும் ஒரு மீன் வாசனை இருக்கும். குறை சொல்லவில்லை. அந்த வாசனையோடுதான் மீனும் வந்தது.

ஒருநாள் மத்தியானம் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்.

"ரஷ்யாவுலேருந்து ஒரு கூட்டம் வருதாம். ஐஸ் மேல டான்ஸ் ஆடுவாங்களாம். கேலாங் பக்கம் ஸ்டேடியத்துல தரை பூரா ஐஸ் போடணும்னு எங்க ஆளுங்களக் கூப்பிட்டிருக்காங்க."

மாமியார் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"கிளாஸ்ல போட்ட ஐஸே நான் குடிச்சு முடிக்கறதுக்குள்ள வெந்நீராப் போயிடுது. தரையில போட்டா நிக்குமா? கூப்பிட்டவனுக்குத்தான் புத்தி இல்ல, உனக்குமா?"

நின்றது. தரைக்கு அடியில் குழாய் குழாயாகப் போட்டு, லாரி அளவுக்கு ஒரு மெஷினை வெளியே ஓடவிட்டு, மேலே தண்ணீர் தெளித்துத் தெளித்து உறைய வைத்தார்கள். அடுத்து அதைப் பெருக்க ஆள் தேவைப்பட்டது. ஆடுகிறவர்களின் செருப்பில் கத்தி மாதிரி இரும்பு இருக்கும். அது ஐஸைச் சுரண்டிச் சுரண்டி மாவு மாதிரிக் கிளப்பிவிடும். அந்த மாவைத் தள்ளிவிட்டு, கீறல் விழுந்த இடத்தில் தண்ணீர் ஊற்றி மறுபடி மொழுமொழுவென்று ஆக்க வேண்டும். முதலில் போட்ட ஆண்பிள்ளைகள் பெருக்கியதைவிட விழுந்ததுதான் அதிகம். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்து, "எங்க வீட்டுல ரெண்டு பேர் இருக்காங்க, வெள்ளன எழுந்திரிச்சுப் பெருக்கறதுல கெட்டிக்காரங்க" என்று சொல்லிவிட்டார். அந்த வாய்க்கு இன்றைக்கும் நான் நன்றியோடு இருக்கிறேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் அது எனக்கு நல்லது சொன்னதாக ஞாபகம் இல்லை.

சேலைக்கு மேலே வீட்டுக்காரரின் முழுக்கைச் சட்டை, அதற்கு மேலே ஃபேக்டரியில் கொடுத்த கம்பளிக் கோட்டு, தலையில் துண்டு, காலில் சாக்ஸ், ஜப்பான் சிலிப்பர், வழுக்காமல் இருக்கச் சிலிப்பரைச் சுற்றிச் சாக்குத் துணி. இப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் முதல் நாள் அந்த ஐஸில் கால் வைத்தோம். வெயில் ஏறினால் தகரக் கூரை காய்ந்து ஐஸ் நீர் விட்டுக்கொள்ளும் என்பதால் ரஷ்யாக்காரர்கள் விடியற்காலையில்தான் பயிற்சி செய்வார்கள். எங்களுக்கும் அது வசதி. தெருவில் வாசல் தெளிக்கிற நேரத்தில் இங்கே வந்து ஐஸ் தெளித்தோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

மாமியார் முதல் குவியலைத் தள்ளியதும் குனிந்து பார்த்தார்.

"ஏடி, கொஞ்சம் சிரப்பு ஊத்தினா ஐஸ் கச்சாங் கடையே போட்டுடலாம்."

எங்களுக்கு வேலை சொல்ல ஒரு ரஷ்யாக்காரப் பையன் இருந்தான். வெள்ளை வெளேர் என்று, மூக்குக் கண்ணாடி போட்டவன். அவன் ஊர்க் காலேஜில் தமிழ் படித்தவனாம்! சத்தியமாகச் சொல்கிறேன். எங்களைப் பார்த்ததும் கை கூப்பி, "வணக்கம் தாய்மார்களே. யான் கையை உயர்த்தும்பொழுது மட்டும் தாங்கள் பெருக்குதல் வேண்டும்" என்றான்.

மாமியார் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டு அவனைக் கும்பிட்டுவிட்டார். பிறகு என் காதில், "புராணப் படத்துல சாமி வந்து பேசற மாதிரியே பேசுதுடி" என்றார். அன்றிலிருந்து அவனுக்கு நாங்கள் வைத்த பெயர் புலவர்.

புலவர் சொல்லித்தான் விஷயம் தெரிந்தது. சாயங்காலம் டிக்கெட் போட்டு ஆடுவது ஊருக்காக. விடியற்காலையில் நடப்பது வேறு. கூட்டத்தில் மூன்று ஆண்கள் உலகப் போட்டிக்குத் தயாராகிறவர்கள். இங்கிருந்து நேரே அங்கே போக வேண்டும். இடம் இரண்டுதான். எந்த இரண்டு பேர் என்பதை இங்கேயே முடிவு செய்து மாஸ்கோவுக்குத் தந்தி அடிக்க வேண்டும். முடிவு செய்ய மூன்று பேர் கூடவே வந்திருந்தார்கள். பயிற்சி கொடுக்கிற ஒரு பருத்த அம்மாள், வழுக்கைத் தலைக் கிழவர் ஒருவர், மீசைக்காரர் ஒருவர்.

ஆடுகிற மூன்று பேருக்கும் பெயர் இருந்தது. எங்கள் வாயில் நுழையவில்லை. நாங்களே பெயர் வைத்துக்கொண்டோம். ஒருவன் பால்குடி. மீசை முளைக்காதவன், ஆனால் எல்லாவற்றிலும் கெட்டி. அவன் போவது நிச்சயம். மிச்சம் இருந்த ஓர் இடத்துக்குத்தான் போட்டி. ஒரு பக்கம் சுருட்டை முடிக்காரன். அவன் எகிறிக் காற்றில் சுற்றினால் எனக்குத் தலை சுற்றும். இன்னொரு பக்கம் பெரியவர். முப்பதைத் தாண்டியவர். இரண்டு முழங்காலிலும் கட்டு. ஒவ்வொரு வருஷமும் கடைசி நிமிஷத்தில் இன்னொருவன் போய், இவர் கட்டின பெட்டியைப் பிரித்து வைத்தவராம். உலகப் போட்டியை ஒரு தடவைகூடப் பார்த்ததில்லை. இந்த முறையும் விட்டால் அடுத்த முறைக்கு முழங்கால் தாங்காது.

"அவருக்கு வாய்ப்பு உண்டா?" என்று நான் புலவரைக் கேட்டேன்.

"வரைதலில் உண்டு" என்றான்.

அப்போதுதான் எனக்கு அதிசயம் புரிந்தது. குதிப்பது, சுற்றுவது எல்லாம் ஒரு பாதியாம். மார்க்கில் பாதிக்கு மேல் வேறு ஒன்றுக்கு. ஒற்றைக் காலில் நின்று, அந்தக் கத்திச் செருப்பால் ஐஸில் வட்டம் போட வேண்டும். வட்டத்தோடு வட்டம் சேர்த்து எட்டு மாதிரி போட வேண்டும். போட்டதன் மேலேயே இன்னொரு தடவை, அதற்கு மேலே மூன்றாம் தடவை. மூன்று கோடும் ஒரே கோடாகத் தெரிய வேண்டும். ஆடுகிறவர் முடித்துவிட்டு நகர்ந்ததும், முடிவு செய்ய வந்த மூன்று கிழடுகளும் ஐஸில் இறங்கி, குனிந்து, கோட்டைப் பார்த்து மார்க் போடுவார்கள்.

மாமியாருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"கோலமாடி போடறானுங்க! ஆம்பளைங்க! அதுவும் காலால! ஒரே இழைய மூணு தடவ போடறான் பாரு, மாவு மலிவா இவங்க ஊர்ல?"

ஆனால் பெரியவர் போடுகிறபோது சிரிக்க மாட்டார். அவர் ஒரு பக்கம் சாய்ந்து, கையை லேசாக விரித்து, சத்தமே இல்லாமல் வளைந்து வருவார். கட்டுப் போட்ட முழங்கால் நடுங்குவது எங்களுக்குத் தெரியும், கோட்டில் தெரியாது. மாமியார் தாடையில் கை வைத்துக்கொண்டு நிற்பார். நான் போட்ட கோலத்தை அந்த அம்மாள் ஒரு நாளும் அப்படி நின்று பார்த்ததில்லை. "கோழி கிளறுன மாதிரி இருக்கு" என்பதோடு சரி.

முடிவு எடுக்கிற காலை வந்தது. குதிக்கிற மார்க்கெல்லாம் முந்தின நாளே போட்டாகிவிட்டது. அதில் சுருட்டை நல்ல தூரம் முன்னால். கோலத்தில் பெரியவர் கொஞ்சம் கொஞ்சமாக எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தார். கடைசியாக ஒரே ஒரு உருவம் பாக்கி. எல்லாவற்றிலும் கஷ்டமானது அதுதான். அதை வைத்துத்தான் யார் என்று தெரியும் என்று புலவர் சொல்லியிருந்தான். முதலில் பெரியவர் முறை.

போட்டார். இப்போதும் கண்ணை மூடினால் தெரிகிறது. மூன்று கோடா, ஒரு கோடா என்று சொல்ல முடியாது. முடித்துவிட்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து முழங்கால் கட்டை அவிழ்க்க ஆரம்பித்தார்.

மூன்று கிழடுகளும் எழுந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஆபீசிலிருந்து ஒருவர் ஓடிவந்து டெலிபோன் என்றார். தூரத்திலிருந்து வந்த டிரங்க் கால். விட்டால் மறுபடி கிடைக்காது. மூன்று பேரும் புலவரோடு ஆபீசுக்கு ஓடினார்கள். கோலத்தை இன்னும் பார்க்கவில்லை.

நான் சுடுதண்ணீர் பிடிக்க பாய்லர் பக்கம் போயிருந்தேன். குளிர்ந்த தண்ணீரில் கை வைத்தால் விரல் கழன்று விழுந்துவிடும் என்பது மாமியாரின் கட்சி. அதனால் எங்கள் வாளியில் எப்போதும் சுடுதண்ணீர்தான்.

மாமியார் என்ன நினைத்தார் என்பதைப் பிறகு அவரே சொன்னார். பார்க்க வேண்டியவர்கள் எழுந்து போய்விட்டார்கள். அப்படியென்றால் பார்த்தாகிவிட்டது. அடுத்தவன் சுருட்டை, கையைக் கட்டிக்கொண்டு ஓரத்தில் நிற்கிறான். பழைய கோலம் வாசலில் கிடக்கும்போது புதுக் கோலம் போடுவது எந்த ஊர் வழக்கம்? புலவர் கையைத் தூக்கவில்லைதான். அவன் சின்னப் பையன், மறந்திருப்பான்.

நான் வாளியோடு திரும்பும்போது மாமியார் பாதியைப் பெருக்கி முடித்திருந்தார்.

"அத்தே! அத்தே, என்ன பண்றீங்க!"

"கத்தாதடி. வாளியக் கொண்டா" என்று என் கையிலிருந்து வாங்கி, வாசல் தெளிக்கிற மாதிரி ஒரே வீச்சில் விசிறிவிட்டார். ஆவி கிளம்பியது. ஆவி அடங்கியபோது கோலம் இல்லை. கண்ணாடி மாதிரி வெறும் ஐஸ்.

பெரியவர் நிமிர்ந்து பார்த்தார். அவிழ்த்த கட்டு ஒரு முனை கையில், மறு முனை தரையில். அப்படியே இருந்தார். அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆபீசிலிருந்து திரும்பி வந்தவர்கள் கத்தினார்கள். பருத்த அம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். மீசைக்காரர் வெறும் ஐஸைக் காட்டி ஏதோ சொன்னார். புலவர் முகம் செத்துப்போய் எங்களிடம் வந்தான்.

"தாயே, அவர்கள் அதனை இன்னும் பார்க்கவில்லை. பார்க்காததற்கு மதிப்பெண் இல்லை என்கிறார் அவர்."

மாமியாருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த வாயை நான் கல்யாணமான நாளிலிருந்து அறிவேன். தேக்காவில் மீன்காரனுக்குப் பதில் இல்லாமல் போகும், இந்த அம்மாளுக்குப் போகாது. அன்றைக்குப் போனது. விளக்குமாற்றை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பெட்டியப் பிரிக்க வெச்சுட்டேனேடி" என்றார் என்னிடம்.

கிழடுகள் மூன்றும் ஒரே சண்டை. கடைசியில் வழுக்கைக் கிழவர் கையைத் தூக்கி எல்லோரையும் அடக்கினார். புலவர் எங்களுக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். மறுபடியும் போட விடலாம். ஆனால் எதிராளி சம்மதிக்க வேண்டும். எதிராளி வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

எதிராளி என்றால் சுருட்டை. அவன் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இடம் அவனுக்கு. எல்லோரும் அவனைப் பார்த்தார்கள். அவன் யாரையும் பார்க்கவில்லை. குனிந்து செருப்புக் கயிற்றை இழுத்துக் கட்டினான். இன்னொரு செருப்பையும் கட்டினான். பெரியவரை ஒரு தடவை, அவர் முழங்காலை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒரே ஒரு வார்த்தை சொன்னான்.

"செய்யட்டும் என்கிறார்" என்றான் புலவர்.

பெரியவர் மறுபடி கட்டைச் சுற்றிக்கொண்டு எழுந்தார். எழும்போதே பல்லைக் கடித்தது தெரிந்தது. மாமியார் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "காளியாத்தா, அவன் கால நீ புடிச்சுக்க. தேங்கா ஒடைக்கிறேன், பொங்க வெக்கிறேன், இவள அலகு குத்திக்கச் சொல்றேன்" என்று என்னையும் சேர்த்து நேர்ந்துவிட்டார்.

பெரியவர் நேரே வந்து நின்ற இடம் எது தெரியுமா? மாமியார் சுடுதண்ணீர் விசிறிய இடம். சுடுதண்ணீர் சமமாகப் பரவி உறையுமாம், என் வீட்டுக்காரர் பிறகு சொன்னார். ஸ்டேடியத்திலேயே மொழுமொழுவென்று இருந்த இடம் அதுதான். அதில் முடி விழுந்தாலும் தெரியும். அவருக்கு நல்லதா கெட்டதா என்று அப்போது யாருக்கும் தெரியவில்லை. கோணல் விழுந்தால் அதுவும் பளிச்சென்று தெரியுமே.

முதல் சுற்று போனார். இரண்டாவது போனார். மூன்றாவதில் ஒரு வளைவில் முழங்கால் ஒரு வெட்டு வெட்டியது. அவர் தோள் கொஞ்சம் தாழ்ந்தது, கை கொஞ்சம் உயர்ந்தது, கால் கோட்டை விடவில்லை. வந்து சேர்ந்தார்.

பருத்த அம்மாளும் மீசைக்காரரும் குனிந்தார்கள். வழுக்கைக் கிழவர் குனியவில்லை, ஐஸில் குப்புறப் படுத்தே விட்டார். கன்னத்தை ஐஸோடு வைத்து, பல்லி மாதிரி நகர்ந்து நகர்ந்து பார்த்தார். எழுந்து சட்டையைத் தட்டிவிட்டு, சரி என்று தலையை ஆட்டினார். அடுத்துச் சுருட்டை போட்டான். இரண்டாவது சுற்றே முதல் சுற்றை விட்டு ஒரு விரல் தள்ளிப் போனது. அவனுக்கே தெரிந்தது.

பால்குடியும் பெரியவரும் என்று தந்தி போனது. பெரியவர் எங்களிடம் வந்தார். மாமியார் அவர் காலில் விழப் போக, அவர் பதறிப் பிடித்துக்கொண்டு, விளக்குமாற்றுக்கு ஒரு முத்தம் கொடுத்துவிட்டுப் போனார். அந்த விளக்குமாற்றை அதற்கப்புறம் கழிவறைப் பக்கம் கொண்டுபோக மாமியார் யாரையும் விடவில்லை.

ஆனால் மாமியாரின் கண் சுருட்டை மேல் இருந்தது. அவன் ஓரத்தில் தனியாகச் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"சாமி, அந்தச் சுருட்டைய நாளைக்கு நம்ம வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லு" என்றார் புலவரிடம். "வரலேன்னா நான் இங்கயே சமைக்க வருவேன்னு சொல்லு."

வந்தான், புலவரோடு. கெர்போ ரோடே வேடிக்கை பார்த்தது. மாடிப்படி முழுக்க ஆள். தெங்கிரி மீன் குழம்பு, ரசம், முட்டைக்கோஸ் பொரியல், அப்பளம். பாயில் இலை போட்டோம். காலைத் தூக்கித் தலையைத் தொடுகிறவனுக்குச் சம்மணம் போடத் தெரியவில்லை! ஒரு காலை மடக்கினால் இன்னொரு கால் கதவுக்கு வெளியே போகிறது. என் வீட்டுக்காரர் அந்தக் காலைப் பிடித்து உள்ளே வைத்தார், மறுபடி போனது. கடைசியில் ஒரு கால் அறையிலும் ஒரு கால் நடையிலுமாக உட்கார்ந்து சாப்பிட்டான். நடையில் போகிறவர்கள் காலைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

இரண்டாம் தடவை சோறு வைத்ததும் மாமியார் கேட்டார்.

"ஏம்பா, வேணாம்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா நீ போயிருப்பே. இந்தக் கெழவி பண்ண தப்புக்கு நீ எதுக்கு விட்டுக் குடுத்தே?"

புலவர் மொழிபெயர்த்தான். சுருட்டை குழம்பு ஒழுகுகிற கையை அப்படியே வைத்துக்கொண்டு யோசித்தான். ஏதோ சொன்னான். புலவர் திரும்ப இரண்டு தடவை கேட்டான், தான் சரியாகத்தான் கேட்டோமா என்று. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னான்.

"முழங்கால் வலியினால் அவர் விழுந்துவிடுவார் என்று எண்ணியே சம்மதித்தேன், என்கிறார்."

படியில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். மாமியார் அவனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. இருமல் வந்து, நான் முதுகைத் தட்டும் வரைக்கும் சிரித்தார்.

"எமகாதகப் பய! ஏடி, இவன் நம்ம ஆளுடி! மீன் தலைய அவனுக்கு வையி!"

மீன் தலை அந்த வீட்டில் மகனுக்குத்தான் போகும். என் வீட்டுக்காரர் தன் வெற்று இலையைப் பார்த்துக்கொண்டார்.

அவன் என்ன கணக்கில் சொன்னால் என்ன? அந்த வார்த்தையைச் சொன்னான். சொல்லாமல் விட்டிருந்தால், அன்றைக்கு என் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு பஸ் ஏறியிருப்பார். அந்தத் தலையை நிமிர்த்துகிற வித்தை என்னிடம் இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப்போனதே கிடையாதுதான். ஆனாலும் வாயடைத்துப்போன மாமியாரோடு ஒரே அறையில் குடும்பம் நடத்த எந்த மருமகளாலும் முடியாது. திட்டுகிற மாமியாரை எனக்குத் திருப்பிக் கொடுத்தவன் அவன்.

மாமியார் அவன் இலையில் மீன் தலையை வைத்துவிட்டுச் சொன்னார்.

"கவலப்படாதே. அடுத்த வருஷம் அவன் முழங்கா இன்னும் மோசமாயிடும். நீ போவே."

புலவர் இதையும் மொழிபெயர்த்தான். சுருட்டைக்கு ரசம் புரையேறிவிட்டது.

அடுத்த வருஷம் அவன் போனானா என்று எங்களுக்குத் தெரியாது. இந்த ஊர்ப் பேப்பரில் ஃபுட்பாலும் குதிரை ரேசும்தான் வரும் என்றார் என் வீட்டுக்காரர். போயிருப்பான் என்றே நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். யாராவது வந்து இல்லை என்று சொன்னாலும் நம்பப் போவதில்லை.